கோலியாத் ஆறு முழமா, நாலு முழமா?

பழைய தமிழ் விவிலியத்தில் கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும், அதாவது ஒன்பதரை அடிக்கு மேல். சவக்கடலோரம் கும்ரான் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளில் அதே ஆள் நாலு முழமும் ஒரு சாணும்தான். ஆறே முக்கால் அடி வரும். முதல் கணக்கு யூதர்கள் நிலைநிறுத்திக்கொண்ட எபிரேய வாசக வடிவமான மசோரா பாடத்துடையது. இரண்டாவதன் பக்கம் எழுபதின்மர் பெயர்ப்பு எனப்படும் கிரேக்க மொழிபெயர்ப்பின் பழைய பிரதிகளும் நிற்கின்றன. எனக்கு நாலு முழம்தான் சரி என்று படுகிறது. கதை சொல்லச் சொல்ல எதிரி வளர்வான், குறைவது அரிது.

எரேமியா என்ற தீர்க்கதரிசி நூலில் வேறுபாடு இன்னும் பெரிது. கிரேக்க எரேமியா ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சிறியது. பிற நாடுகளுக்கு எதிரான வாக்குகள் மசோராவில் 46 முதல் 51 வரையான அதிகாரங்களில் வருகின்றன. கிரேக்கத்தில் 25-ஆம் அதிகாரத்தின் நடுவிலேயே தொடங்கிவிடுகின்றன. மொழிபெயர்த்தவர் இஷ்டத்துக்கு வெட்டிவிட்டார் என்று அவர்மேல் பழி போட்டவர்கள் உண்டு. கும்ரானின் நாலாம் குகையில் அந்தக் குறுகிய வடிவம் எபிரேயத்திலேயே கிடைத்ததும் அந்தப் பழி ஆட்டம் கண்டது. அதே நாலாம் குகையில் நீண்ட வடிவமும் இருந்தது என்பதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பிரதியின் வயதை மட்டும் பார்த்தால் மசோரா பின்தங்கும். முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய எபிரேயப் பிரதியான லெனின்கிராட் சுவடியே 1008 வாக்கில் எழுதியதுதான். ஆனால் காப்பாற்றிய விதத்தில் அதற்கு ஈடு கிடையாது. கலிலேயாவின் திபேரியா நகர யூத அறிஞர்கள் உயிர்க்குறிகள் இட்டு, அரிய சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்பதைக்கூட ஓரத்தில் குறித்து வைத்தார்கள். சவக்கடலோர எங்கேதியில் கரிக்கட்டையாகிப்போன லேவியராகமச் சுருள் ஒன்றைப் பிரிக்காமலே கணினி வழியாகப் படித்து 2016-இல் வெளியிட்டார்கள். லெனின்கிராட் சுவடிக்குப் பல நூற்றாண்டு முந்தியது அது. படிக்க முடிந்த இடங்களில் மெய்யெழுத்துகள் மசோராவோடு அப்படியே பொருந்தின.

சரி, இந்தப் பாடம் வென்றது எப்படி? கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்தது. அதையொட்டிய காலத்தவையாக, யூதேயப் பாலைநிலத்தின் மசாதா, முரப்பாத் என்ற இடங்களில் கிடைத்த சுருள்களில் கும்ரானின் பன்மை இல்லை; மசோராவை ஒட்டியே போகின்றன. பேரழிவுக்குப் பின் மிஞ்சிய ரபிகள் எனும் யூத மத ஆசான்களின் கையில் இருந்தது இந்தப் பாடம். கிரேக்கப் பெயர்ப்பைக் கிறிஸ்தவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். எது மூலத்துக்கு நெருக்கம் என்று ஒத்துப்பார்த்துத் தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விவிலியத்தில் எந்தெந்த நூல்கள் சேரும் என்ற பட்டியலும் அப்படித்தான். யாவ்னே என்ற ஊரில் கி.பி. 90 வாக்கில் ஒரு சங்கம் கூடி முடிவு செய்தது என்ற கருத்தை இன்று அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. பிரசங்கியும் உன்னதப்பாட்டும் 'கையைத் தீட்டாக்குமா', அதாவது புனித நூல்களா, என்ற விவாதம் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பதிவாகியிருக்கிறது. அவை இரண்டும் எபிரேயத் திருமுறையின் 24 நூல்களுக்குள் வந்துவிட்டன. கத்தோலிக்கர்களின் தமிழ் விவிலியத்தில் இருக்கும் சீராக் என்ற ஞான நூல் வரவில்லை. அது எபிரேயத்தில் எழுதிய நூல்தான். மசாதாக் கோட்டையில் அதன் எபிரேயச் சுருளே கிடைத்திருக்கிறது.