கிராண்ட்ஆர்கனில் பிஸ்டன்கள்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தது

கிராண்ட்ஆர்கன் என்பது கணினியில் பைப் ஆர்கன் வாசிக்க உதவும் மென்பொருள். இப்படிப்பட்ட மெய்நிகர் பைப் ஆர்கன் என்றாலே எல்லோரும் சாம்பிள் செட்டின், அதாவது நிஜ ஆர்கனிலிருந்து பதிவு செய்த ஒலித்தொகுப்பின், ஒலியைத்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் கை முதலில் தேடுவது பிஸ்டனை: முன்பே பதிந்த ஸ்டாப் அமைப்பை ஒரே அழுத்தலில் கொண்டுவரும் பொத்தான். பாமாலைப் பாட்டில் ஒரு சரணம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஆறேழு ஸ்டாப்களை (எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் குமிழ்களை) மவுஸால் இழுக்க முடியுமா? 1851 லண்டன் பெருங்கண்காட்சி ஆர்கனில் ஹென்றி வில்லிஸ் கட்டைவிரல் பிஸ்டன்களை வைத்ததும் இந்த அவசரத்துக்குத்தான்.

'செட்' என்ற பொத்தான் எரியும்போது பிஸ்டனை அழுத்தினால் அப்போதைய ஸ்டாப் அமைப்பு பதிந்துவிடும். ஜெனரல் பிஸ்டன் முழு ஆர்கனையும் மாற்றும், டிவிஷனல் பிஸ்டன் தன் மேனுவலை (ஒரு விசைப்பலகையை) மட்டும். வம்பு, ஒரு விசைப்பலகையை இன்னொன்றோடு இணைக்கும் கப்ளரில்தான். ஓர் ஆர்கனில் டிவிஷனல் பிஸ்டன் கப்ளரையும் சேர்த்து இழுக்கும். இன்னொன்றில் கப்ளர் அசையவே அசையாது. மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. அந்த ஆர்கனின் அமைப்பை விவரிக்கும் ஓடிஎஃப் கோப்பை எழுதியவர் அப்படித் தீர்மானித்திருக்கிறார். ஒலியை நடுங்க வைக்கும் ட்ரெமுலண்டுக்கும் இதே கதைதான். புது சாம்பிள் செட் ஏற்றியதும் நான் முதலில் சோதிப்பது இதைத்தான்.

பிஸ்டன்களுக்காகக் கணினியில் இணைக்கும் பொத்தான் பெட்டி விஷயத்தில் கவனம் தேவை. பிஸ்டன் மீது வலது கிளிக் செய்து பெட்டி அனுப்பும் மிடி சிக்னலை (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) கற்றுக்கொடுப்பது எளிது. ஆனால் சில மலிவான பெட்டிகள் ஒரு அழுத்தலுக்கு 'ஆன்', அடுத்த அழுத்தலுக்கு 'ஆஃப்' அனுப்பும். அப்போது பிஸ்டன் ஒன்றுவிட்டு ஒருமுறைதான் வேலை செய்யும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 'ஆன்' அனுப்பும் 'மொமென்டரி'க்குப் பெட்டியை மாற்றினால் சரியாகும். பழைய சுவிட்ச் அதிர்ந்து இரண்டு சிக்னல் அனுப்பினால், டிபவுன்ஸ் நேரத்தை (அடுத்தடுத்து வரும் சிக்னலைப் புறக்கணிக்கும் இடைவெளியை) கொஞ்சம் கூட்டிவிடலாம்.

என்னைக் கேட்டால், இதில் உண்மையான சொத்து, ஸ்டாப் அமைப்புகளை வரிசையாகப் பதிந்து ஒவ்வொன்றாக நகரும் சீக்வென்சர்தான். 000 முதல் 999 வரை இடமிருக்கிறது. அடுத்த இடத்துக்குப் போகும் 'நெக்ஸ்ட்' ஒன்றைக் காலடியில் வைத்துவிட்டேன். ஜெனரல்களைத் தொடுவதே அபூர்வம். நடுவில் ஒரு சரணம் கூடினால் 'இன்சர்ட்' போதும். ஒரே ஆபத்து, ஒருமுறை கூடுதலாக மிதித்தால் மெல்லிய சரணத்தில் முழு ஆர்கனும் முழங்கும். அதனால் எண் தெரியும் சாளரம் எப்போதும் கண்ணெதிரே இருக்கட்டும். நிஜ ஆர்கனின் வாசிப்பு மேசையில் குமிழ்கள் தடாலென்று நகர்ந்து காட்டிக்கொடுக்கும்; திரையில் அது அவ்வளவு எளிதில் கவனத்துக்கு வராது.

பதிவுகள் அந்தந்த ஆர்கனோடு ஒட்டியவை. வேறு சாம்பிள் செட்டுக்கு மாறினால் பெரும்பாலும் புதிதாகத்தான் பதிய வேண்டும்.