டென்ட்டா, ஹேமக்கா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் வனத்துறை அனுமதியோடு இரவு தங்குவதென்றால், முதலில் தரையைப் பாருங்கள். சரிவும் வேரும் அட்டையுமான சோலைக்காட்டில், இரு மரங்களுக்கிடையே கட்டித் தொங்கவிடும் துணிப்படுக்கையான ஹேமக்தான் நிம்மதி. நான்கைந்து மீட்டர் இடைவெளியில், தொடைத் தடிமனுள்ள இரண்டு பச்சை மரங்கள் வேண்டும். பட்டுப்போன மரம் ஆபத்து. ஹேமக்கை மரத்தோடு கட்டும் பட்டையான ஸ்ட்ராப் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருக்கட்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் அதில் பாரம் பலமடங்கு ஏறும், படுத்தால் தோளையும் நெருக்கும். மழைநீர் ஸ்ட்ராப் வழியே படுக்கைக்கு வந்துவிடும். அதில் ஒரு நூலை முடிந்து தொங்கவிட்டால் அங்கேயே சொட்டிவிடும். ஸ்லீப்பிங் பேக் முதுகுக்குக் கீழே நசுங்குவதால் குளிர் தாங்காது, அடியில் பாய் கட்டாயம்.

புல்வெளியில் மரமே இல்லை, டென்ட்தான் வழி. இரட்டை அடுக்குள்ளதை எடுங்கள். ஒற்றை அடுக்கில் மூச்சின் ஈரம் விடியலில் உள்ளேயே சொட்டும். தரைவிரிப்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி அடியில் தேக்கும், ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள்.