செம்பருத்தியா, பூசணியா? குழந்தைகளுக்குப் பூவைச் சொல்லிக்கொடுக்க எது கைகொடுக்கும்

பூவின் பாகங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றதும் பெரும்பாலானோர் செம்பருத்தியைத்தான் பறிக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பெரிய பூ, லென்ஸ் தேவையில்லை, பிளேடால் நீளவாக்கில் கீறினால், இதழ்களுக்கு வெளியே இருக்கும் பச்சைப் புல்லியிலிருந்து அடியில் சூல்களை வைத்திருக்கும் சூற்பை வரைக்கும் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆனால் பூ எப்படிக் காயாகிறது என்ற இடத்துக்கு வரும்போது செம்பருத்தி கைவிட்டுவிடும், ஏனென்றால் அழகுக்காக வளர்க்கும் செம்பருத்தி அநேகமாகக் காய்ப்பதே இல்லை, தண்டை வெட்டி நட்டுத்தான் அதைப் பெருக்குகிறோம். சூற்பை கனியாகும், சூல் விதையாகும் என்று நாம் சொல்கிறோம், குழந்தை மறுநாள் போய்ப் பார்த்தால் பூ வாடி உதிர்ந்து கிடக்கிறது. அங்கே பாடம் வெறும் மனப்பாடமாகிவிடுகிறது.

பூசணிப் பூவில் இதற்கு நேர்மாறு. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி, ஒரே கொடியில். பெண் பூவின் இதழ்களுக்குக் கீழே குட்டிப் பூசணி ஒன்று பூ விரிவதற்கு முன்பே உட்கார்ந்திருக்கும், அதுதான் சூற்பை என்று விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆண் பூவுக்குக் கீழே நீளமான காம்பு மட்டும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டு நாம் பேசாமல் இருந்தால் போதும், சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

பூசணியின் குறையையும் சொல்ல வேண்டும். விதை போட்டுப் பூ வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும், கொடி படர நிறைய இடம் வேண்டும், முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள் மட்டுமே என்பதால் பொறுமை வேண்டும், பூவும் விடியலில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். ஆண் பாகமான மகரந்தத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே முளை போல இருப்பதால், தாளையும் அதன் நுனியில் தூள் இருக்கும் பையையும் பிரித்துக் காட்ட அது தோதான பூ அல்ல. அந்த விஷயத்தில் செம்பருத்தியே மேல். அதன் நடுக்குழாயில் ஒட்டியிருக்கும் மஞ்சள் மகரந்தப்பைகளை விரலால் தொட்டால் தூள் ஒட்டும், குழாயின் நுனியில் வெல்வெட் போல ஐந்து சூலகமுடிகள், அதாவது மகரந்தத்தூள் வந்து ஒட்டும் இடங்கள், தெரியும். அடியில் இருக்கும் சூற்பையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகளும் அவற்றுக்குள் வெள்ளையாகச் சூல்களும் இருக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், அடுக்குச் செம்பருத்தியை எடுக்காதீர்கள். அதில் மகரந்தத்தாள்களில் பல இதழ்களாக மாறியிருக்கும், குழந்தை தேடித் தேடிக் குழம்பிப்போகும். ஒற்றைச் செம்பருத்தியிலும், சூலகமுடியையும் சூற்பையையும் இணைக்கும் சூலகத்தண்டு அந்த நடுக்குழாய்க்கு உள்ளே ஓடுவதால் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பொருள் போலத் தெரியும், குழாயை மெதுவாகக் கிழித்து உள்ளே இருக்கும் மெல்லிய தண்டைக் காட்டினால்தான் புரியும்.

ஆனால் பூசணியில் செய்து பார்க்கிற சோதனை இருக்கிறதே, அதற்கு ஈடாக வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டுகள் இரண்டை மாலையிலேயே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டிவிடுங்கள். காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, அதன் நடுமுளையை ஒரு பெண் பூவின் சூலகமுடியில் குழந்தையே தடவட்டும். இன்னொன்றைத் தொடவே வேண்டாம். இரண்டையும் மறுபடி மூடிக் கட்டிவிட்டு, பூ வாடியதும் பையை எடுத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். தடவிய பூவின் அடியில் இருக்கும் பிஞ்சு பருக்கும், தொடாதது பெரும்பாலும் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். மகரந்தத்தூள் எதற்கு என்ற கேள்விக்கு அந்தக் குழந்தைக்கு இனி யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1694-ல் ஜெர்மனியில் ருடால்ஃப் கமெராரியஸ் இதே கேள்வியோடுதான் ஆமணக்குச் செடியின் ஆண் பூக்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, விதை பிடிக்கிறதா என்று பார்த்தார். பிடிக்கவில்லை. தாவரங்களிலும் ஆண், பெண் உண்டு என்பதைச் சோதனையால் காட்டியவர் அவர். கூடவே எட்மண்ட் அல்பியஸ் கதையையும் சொல்லுங்கள். ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த அந்தச் சிறுவன் 1841-ல், 12 வயதில், வெனிலாப் பூவுக்குக் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் வெனிலாத் தோட்டங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். தன் வயதுப் பையன் ஒருவன் பூவைக் கூர்ந்து பார்த்துக் கண்டுபிடித்தது இது என்று தெரிந்தால் குழந்தைகள் பூவைப் பார்க்கிற விதமே மாறும்.

இதையெல்லாம் செய்தாலும் ஒரு குழப்பம் மிச்சம் இருக்கும். மகரந்தச் சேர்க்கை முடிந்தவுடனே கருவுற்றுவிட்டது என்று பல குழந்தைகள் நினைத்துக்கொள்கிறார்கள், பெரியவர்களும்தான். தூள் சூலகமுடிக்குப் போய்ச் சேர்வது முதல் படி மட்டுமே. அங்கிருந்து ஒவ்வொரு மகரந்தத் துகளும் ஒரு நுண்ணிய குழாயை நீட்டி, தண்டின் வழியாக இறங்கி, சூலை அடைய வேண்டும், அப்புறம்தான் கருவுறுதல். இதைப் பூசணியும் காட்டாது, செம்பருத்தியும் காட்டாது. இங்கேதான் காணொளிக்கு வேலை. பூ விரிந்து காயாவதைப் பத்து வினாடியில் ஓட்டிக் காட்டும் காணொளியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், எடுத்துக்கொள்ளும் காலமே மறைந்துபோகிறது. மகரந்தக் குழாய் வளர்வதைக் காட்டும் காணொளி வேறு விஷயம், கண்ணால் பார்க்கவே முடியாததை அது காட்டுகிறது. மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது, புதிதாக விரிந்த காசித்தும்பைப் பூவின் மகரந்தத்தை நீர்த்த சர்க்கரைக் கரைசலில் போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் குழாய் நீள்வதை நேரிலேயே பார்க்கலாம்.

அதுவும் இல்லையென்றால் மக்காச்சோளம். கதிரின் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு சூற்பையின் நீட்சி, ஒரு நூலுக்கு ஒரு மணி. மகரந்தம் வந்து சேராத நூலின் அடியில் மணி இருக்காது. பற்கள் விழுந்தது போல அங்கங்கே வெற்றிடம் இருக்கும் கதிரைக் கையில் கொடுத்து ஏன் இப்படி என்று கேளுங்கள். இதழும் நிறமும் இல்லாமல் காற்றை நம்பியே பூக்கும் செடிகள் உண்டு என்பதையும் அதே கதிரை வைத்துச் சொல்லிவிடலாம்.

களிமண், காகித மாதிரிகள் கைவேலைக்குச் சரி. பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்குப் பெரிதாகச் செய்த மாதிரி உண்மையிலேயே உதவும். மற்றவர்களுக்கு நிஜப் பூவுக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள். பாகம் குறிக்கும் வரைபடம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அது கடைசியில் வர வேண்டும். அச்சடித்த படத்தைப் பார்த்து வரைவதைவிட, தான் அறுத்த பூவைக் குழந்தை கோணல்மாணலாக வரைந்து பெயர் எழுதுவது எவ்வளவோ மேல்.

சரி, எதை எப்போது? ஐந்தாறு வயதுக்கு எந்தப் பூவையும் அறுக்க வேண்டாம், காயிலிருந்து பின்னோக்கிப் போங்கள். மாதுளையின் தலையில் கிரீடம் போல நிற்பது பூவின் புல்லி, உள்ளே பார்த்தால் காய்ந்த மகரந்தத்தாள்கள் இன்னும் இருக்கும். பட்டாணி நெற்றின் ஒரு முனையில் புல்லி, மறு முனையில் சூலகத்தண்டின் மிச்சம். எட்டு வயதுக்கு மேல் பூசணி, அதற்கு அப்புறம் பிளேடும் செம்பருத்தியும். கொடிக்கு இடமில்லாதவர்கள் ஒரு தொட்டியில் மிளகாய் வைக்கலாம், ஆண் பூ, பெண் பூ என்ற பிரிவு கிடைக்காது, ஆனால் இதழ் உதிர்ந்த இடத்தில் பச்சைப் பிஞ்சு எட்டிப்பார்ப்பதைத் தினமும் பார்க்கலாம். அரளி, ஊமத்தை இரண்டையும் மட்டும் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், நஞ்சு. ஆண், பெண் என்று வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தி வேகமாக ஓடாதீர்கள். நாம் கூச்சப்படாமல் சொன்னால் குழந்தையும் கூச்சப்படாமல் கேட்கும்.

எந்த வழியில் சொல்லிக்கொடுத்திருந்தாலும், புரிந்ததா என்று பார்க்க பாகங்களின் பெயரைக் கேட்பதில் பயனில்லை. போகன்வில்லா என்கிற காகிதப்பூவைக் கொடுத்துப் பூ எங்கே என்று கேளுங்கள். பெயர்களை மட்டும் படித்த குழந்தை பளிச்சென்று இருக்கும் வண்ணப் பகுதியைக் காட்டும். அவை நிறம் மாறிய இலைகள்தான், இதழ்கள் அல்ல. காயையும் விதையையும் பின்தொடர்ந்து பழகிய குழந்தை, நடுவில் சிறிதாக வெள்ளைக் குழல் போல இருப்பதைப் பிய்த்துப் பிரித்து உள்ளே மகரந்தம் இருக்கிறதா என்று தேடும்.