மாறிக்கொண்டே இருக்கும் ஓடிபியும் கணக்கு மென்பொருளும்: எந்த வழி தேவலை?

வரவு செலவு மென்பொருள்களுக்கு ஓர் ஆசை உண்டு. நாம் தூங்கும்போது நம் பெயரில் வங்கிக்குள் போய், அன்றைய பரிவர்த்தனைகளை அள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும். போனிலுள்ள ஒரு செயலி காட்டும், 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணான ஓடிபி இருப்பதோ, அப்படி ஆளில்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்பதற்காக. இரண்டையும் சேர்த்து வைக்க நான்கு வழிகள் உண்டு. மூன்றைப் பயன்படுத்திவிட்டேன். ஒன்றைத் தொடவில்லை, தொடவும் மாட்டேன்.

முதலில் பழைய வழி. வங்கிப் பாஸ்வேர்டை மென்பொருளிடம் கொடுத்துவிடுகிறோம். அது உள்நுழையும்போதெல்லாம் ஒரு பெட்டி திறந்து எண்ணைக் கேட்கும், நாம் போனைப் பார்த்து அடிக்கிறோம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரே வங்கியில் சேமிப்புக் கணக்கும் கிரெடிட் கார்டும் இருந்தன, ஒரே பயனர் பெயர்தான். மென்பொருள் இரண்டுக்கும் தனித்தனியாக உள்நுழைந்தது. சேமிப்புக் கணக்கு வந்துவிட்டது, கார்டுக்கு மட்டும் ‘தவறான எண்’ என்றது. போனில் அதே எண்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பதற்றத்தில் இன்னும் இரண்டு முறை அடித்தேன், கணக்கே பூட்டிக்கொண்டது.

எண்ணில் தவறே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. இந்த எண்களுக்கான விதிமுறை 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம். வங்கிக்கும் நம் போனுக்கும் பொதுவான ஒரு ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு எண் பிறக்கிறது. ஒருமுறை ஏற்றுக்கொண்ட எண்ணை மறுபடி ஏற்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அதாவது, அடுத்த எண் வரும்வரை நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மென்பொருளின் சர்வரில் வரிசை நீளமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: நாம் 25-வது நொடியில் அடித்த எண், வங்கியைத் தொடுவதற்குள் காலாவதியாகிவிடலாம். ஒரு சுற்று தாமதத்தை வங்கி பொறுத்துக்கொள்ளலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. பொறுத்துக்கொள்வது வங்கியின் மனசு.

எஸ்எம்எஸ்ஸில் வரும் எண் என்றால் செய்தி வரும்வரை காத்திருப்பது வேறு. 60 நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைக் காட்டும், சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன டோக்கன் கருவி இருந்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆனால் வருஷம் போகப் போக அதற்குள் இருக்கும் கடிகாரம் கொஞ்சம் பிசகும்.

பாஸ்வேர்டையே மாற்றினால் கதை இன்னும் மோசம். நாம் வங்கித் தளத்தில் மாற்றிவிட்டுப் படுத்துவிடுவோம். மென்பொருள் பழையதை வைத்து இரவெல்லாம் கதவைத் தட்டும். காலையில் எழுந்தால் கணக்கு முடங்கியிருக்கும். மாற்றுவதற்கு முன் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். அடிக்கடி மாற்றத்தான் வேண்டுமா என்றால், காரணமில்லாமல் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்டே 2017-இல் சொல்லிவிட்டது.

இரண்டாவதுதான் நான் தொடாத வழி. ஓடிபி செயலியை முதன்முதலில் அமைக்கும்போது போனில் ஸ்கேன் செய்கிறோமே அந்த க்யூஆர் கோடு, அதற்குள் இருக்கும் ரகசியச் சாவியையே மென்பொருளிடம் கொடுத்துவிடுவது. இனி எண்ணை அதுவே உண்டாக்கிக்கொள்ளும், நம்மைக் கேட்காது. சுகம்தான். ஆனால் இது பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுகிற வேலை. அந்த சர்வருக்குள் யாராவது புகுந்தால் பாஸ்வேர்டும் கிடைக்கும், இனி வரப்போகிற அத்தனை எண்களும் கிடைக்கும். நம் கணினியிலுள்ள பாஸ்வேர்ட் மேனேஜரில் இரண்டையும் சேர்த்து வைப்பதைக்கூட ஒரு சமரசம் என்று விடலாம். அடுத்தவர் சர்வரில் வைப்பது வேறு.

மூன்றாவது, வங்கியே கதவு திறந்து தருவது. மென்பொருள் நம்மை வங்கியின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்புகிறது. பாஸ்வேர்ட், ஓடிபி இரண்டையும் அங்கேயே போடுகிறோம், எந்தெந்தக் கணக்கைக் காட்டலாம் என்று டிக் செய்கிறோம். மென்பொருளுக்குக் கிடைப்பது ஓர் அனுமதிச் சீட்டு மட்டும். அதைக் கொண்டு பார்க்கலாம், பணத்தில் கை வைக்க முடியாது. வேண்டாமென்றால் வங்கிப் பக்கத்திலேயே ரத்து செய்யலாம். பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அனுமதி மட்டும் கொடுக்கும் இந்த முறைக்கு அடிப்படையான ஓஆத் 2.0 என்ற விதிமுறை 2012-இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 90 நாளுக்கு ஒருமுறை மறுபடி ஓடிபி போட வேண்டும் என்றிருந்ததை 2023-இல் 180 நாளாக்கினார்கள். வருஷத்துக்கு இரண்டு எண் என்றால் யாருக்கும் கசக்காது.

என் ஓட்டு இதற்குத்தான், ஒரு முணுமுணுப்போடு. சீட்டு காலாவதியானால் சில மென்பொருள்கள் வாயே திறப்பதில்லை. மூன்று வாரப் பழைய இருப்பை இன்றைய இருப்பு என்று நம்பிக்கொண்டிருந்தது எனக்கே நடந்தது. கடைசியாகப் புதுப்பித்த தேதி எங்கே தெரிகிறது என்று முதல் நாளே தேடி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எல்லா வங்கியும் இந்தக் கதவை வைத்திருப்பதில்லை.

கதவில்லாத வங்கிக்கு நான்காவது வழி: நாமே உள்நுழைந்து, நாமே எண்ணைப் போட்டு, ஒரு கோப்பை இறக்கி மென்பொருளில் ஏற்றுவது. ரகசியம் எதுவும் நம் கையைவிட்டுப் போவதில்லை. இங்கே கோப்பின் வகைதான் முக்கியம். மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1997-இல் கொண்டுவந்த ஓஎஃப்எக்ஸ் வகைக் கோப்பு கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதில் தனி அடையாள எண் உண்டு. அதனால் தேதியைத் தவறாகக் கொடுத்து, ஏற்கெனவே ஏற்றிய சென்ற மாதத்தையும் சேர்த்து இறக்கினாலும், க்னுகேஷ் போன்ற மென்பொருள் ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடித்துவிடும். பழைய க்யூஐஎஃப் வகைக் கோப்பில் அந்த அடையாள எண் கிடையாது, ஒரே செலவு இரண்டு முறை ஏறியதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். காற்புள்ளியால் பிரித்த வெறும் அட்டவணையான சிஎஸ்வி மட்டும்தான் தருகிறார்கள் என்றால் எந்தப் பத்தி தேதி, எந்தப் பத்தி தொகை என்று முதல் தடவை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

என் மூன்று வங்கிகளில் இரண்டு அனுமதிச் சீட்டில் ஓடுகின்றன. மூன்றாவதுக்கு மாதம் ஒருமுறை நானே எண்ணைப் போட்டு ஓஎஃப்எக்ஸ் இறக்குகிறேன். பத்து நிமிடம் ஆகிறது. ஏற்றி முடித்த கையோடு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் அந்தக் கோப்பையும் அழித்துவிடுகிறேன், கணக்கு எண் முழுசாக அதற்குள் இருக்கிறது.