ஷூ லைன்ல வேலை: டெஸ்டிங் லேபா, சாம்பிள் ரூமா?

லெதர் டெக்னாலஜி முடிச்சவங்க, ஃபுட்வேர் டிப்ளமா முடிச்சவங்க, எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான். டெஸ்டிங் பக்கம் போறதா, ப்ராடக்ட் டெவலப்மென்ட் பக்கம், அதாவது புது ஷூ மாடல் செஞ்சு பாக்குற சாம்பிள் ரூம் பக்கம் போறதா? கூடவே ரெண்டுல எது "சேஃப்"னும் கேப்பாங்க. என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் ஏன்னு பேசலாம். முதல் ரெண்டு மூணு வருஷம் ஒரு ஷூ ஃபேக்டரிக்கு உள்ளேயே இருக்கிற லேப்ல இருங்க, அதுக்கப்புறம் சாம்பிள் ரூமுக்கு மாறுங்க. நேரா சாம்பிள் ரூமுக்கு போறவங்களும் நல்லா வர்றாங்க, மறுக்கல. ஆனா லேப் பாத்துட்டு வந்தவங்க கை தனியா தெரியும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்த தொழில் புதுசு இல்ல, வீட்டுக்கு ஒருத்தராவது தோல் பதப்படுத்தற டேனரியிலயோ ஷூ கம்பெனியிலயோ இருப்பாங்க. ஆனா அவங்ககிட்ட கேட்டாலும் கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங் (அச்சு மேல தோலை இழுத்து ஷூ வடிவம் கொண்டு வர்றது) பத்தி சொல்ற அளவுக்கு லேப் பத்தியும் டெவலப்மென்ட் பத்தியும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா இது ரெண்டும் லைனை விட்டு தள்ளி, கதவு மூடின ரூம்ல நடக்கிற வேலை.

லேப்ல ஆரம்பிப்போம். லேப்னு சொன்னாலே ரெண்டு வகை இருக்கு, இதை போட்டு குழப்பிக்கிறவங்கதான் அதிகம். ஒண்ணு எஸ்ஜிஎஸ், இன்டர்டெக், டியூவி மாதிரி வெளி லேப், இல்லன்னா சென்னையில சிஎல்ஆர்ஐ (மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்), சிஎஃப்டிஐ (மத்திய காலணி பயிற்சி நிறுவனம்) மாதிரி நிறுவனத்தோட லேப். இன்னொண்ணு ஃபேக்டரி சொந்தமா வெச்சிருக்கிற லேப். மெஷின் பெரும்பாலும் ஒண்ணுதான். தோலை மடக்கி மடக்கி பாக்குற பேலி ஃப்ளெக்ஸ், லைனிங் தேய்மானத்துக்கு மார்ட்டின்டேல், சாயம் ஒட்டுதான்னு பாக்க ரப் டெஸ்டர், இழுத்து பாக்க டென்சைல் மெஷின். சாம்பிளை 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்துல வெச்சு பதப்படுத்திட்டுதான் டெஸ்ட் போடணும்ங்கறதும் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான், நம்ம ஊர் மே மாச வெயில்ல அந்த ரூம் கதவை திறந்து போடறவங்கள லேப் இன்சார்ஜ் சும்மா விட மாட்டார்.

வேலையோட குணம்தான் வேற. வெளி லேப்ல சாம்பிள் ஒரு நம்பரோட வரும். யார் செஞ்சாங்க, எந்த லைன்ல செஞ்சாங்க, என்ன பசை போட்டாங்கன்னு டெஸ்ட் போடறவருக்கு தெரியாது, தெரியவும் கூடாது, நடுநிலைன்னா அதுதான். ரிசல்ட்டை எழுதி அனுப்பினா உங்க வேலை முடிஞ்சது. அதுல கத்துக்க நிறைய இருக்கு, குறிப்பா ஸ்டாண்டர்டை வரி வரியா படிக்கிற பழக்கம் வரும். உதாரணத்துக்கு ஐஎஸ்ஓ 20345 சேஃப்டி ஷூவை எடுத்துக்கோங்க. 20 கிலோ எடையை ஒரு மீட்டருக்கு கொஞ்சம் மேல இருந்து டோ கேப் (விரல் பக்கம் வைக்கிற கடினமான மூடி) மேல போடுவாங்க, 200 ஜூல் அடி. உள்ள களிமண் உருளை ஒண்ணு வெச்சிருப்பாங்க, கேப் எவ்வளவு அமுங்கிச்சோ அந்த அளவுக்கு அதுவும் நசுங்கும். அப்புறம் அந்த களிமண்ணோட உயரத்தை அளந்தா, 42 சைஸ் ஷூவுக்கு 14 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கணும். ஒரு தொழிலாளியோட கட்டைவிரலுக்கு மிஞ்சுற இடம் அது. 13.5 வந்தா ஃபெயில்தான், பக்கத்துல வந்துடுச்சேன்னு விட முடியாது. இந்த கறார் உங்களுக்கு பிடிச்சிருந்தா வெளி லேப் நல்ல இடம். நேரத்துக்கு வேலை, ஏசி ரூம், கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கு பெரிய மெஷின்ல கை வைக்கிற வாய்ப்பு, நாளைக்கு ஷூவை விட்டுட்டு துணி, பொம்மைன்னு மாறவும் வழி இருக்கு.

குறைன்னு பாத்தா, "ஏன்"ங்கற கேள்விக்கு அங்க இடம் கம்மி. ஃபெயில் ஆச்சு, சரி. ஏன் ஃபெயில் ஆச்சு? அது கிளையன்ட் பாடு.

ஃபேக்டரி லேபை நான் முன்னாடி வைக்கிறது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். சோல் பாண்டிங் டெஸ்ட் ஒண்ணை மட்டும் கிட்ட போய் பாப்போம். ஷூவோட முன்பக்கத்துல இருந்து அப்பரும் (ஷூவோட மேல் பாகம்) சோலும் (அடிப்பாகம்) சேந்த ஒரு பட்டையை வெட்டி எடுத்து டென்சைல் மெஷின்ல மாட்டி பிரிப்பாங்க. கிராஃப் ஏறி இறங்கும், மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன்னு நம்பர் வரும், சேஃப்டி ஷூன்னா 4 வேணும். புதுசா வந்த பசங்க நம்பரை எழுதிட்டு பட்டையை குப்பையில போட்டுடுவாங்க. விஷயம் தெரிஞ்சவர் அந்த பட்டையை லைட்டுக்கு கீழ புடிச்சு பிரிஞ்ச முகத்தை பாப்பார். பசை முழுசும் சோல் பக்கமே போயிடுச்சு, அப்பர் பக்கம் பளபளன்னு வெறுமையா இருக்குன்னா ரஃபிங் (பசை புடிக்க தோலை சொரசொரப்பாக்கறது) சரியா பண்ணல, தோலோட ஃபினிஷ் மேலயே பசை போட்டிருக்காங்க. அதுவே அப்பர்ல தங்கிட்டு ரப்பர் சோல் சுத்தமா வந்துச்சுன்னா ப்ரைமரை விட்டுட்டாங்க, இல்ல பசை புடிக்க ரப்பருக்கு பண்ற குளோரினேஷன் சரியா நடக்கல. ரெண்டு பக்கமும் பசை இருக்கு, ஆனா ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்ல, ரெண்டு தனி படலமா நிக்குதுன்னா ஹீட் ஆக்டிவேஷன்ல, அதாவது காஞ்ச பசையை ஒட்டுறதுக்கு சூடாக்கறதுல, சூடு பத்தல, இல்லன்னா ஆக்டிவேட் பண்ணிட்டு ப்ரெஸ்ல வைக்க லேட் பண்ணிட்டாங்க. தோலே நார் நாரா கிழிஞ்சு வந்தா பசை மேல குத்தமே இல்ல, அது நல்லாத்தான் புடிச்சிருக்கு, தோலைத்தான் பாக்கணும்.

இதை ஃபேக்டரி லேப்ல பாத்தா பட்டையை கையில எடுத்துக்கிட்டு நேரா லாஸ்டிங் லைனுக்கு நடந்து போலாம். ஹீட்டர் எத்தனை டிகிரியில இருக்குன்னு பாக்கலாம், ரஃபிங் பண்ற அக்காகிட்ட "இந்த பேட்ச்ல வீல் மாத்தினீங்களா"ன்னு கேக்கலாம். சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரிஞ்சிடும். இந்த நடை வெளி லேப்ல கிடைக்காது. ஒரு ஷூ எங்கெல்லாம் தோத்துப் போகும்ங்கற அறிவு புக்ல படிச்சு வர்றது கஷ்டம், பிரிஞ்ச பட்டைங்களை பாத்து பாத்துதான் வரும்.

ஃபேக்டரி லேப்ல ஒரு கஷ்டம் இருக்கு, மறைக்க மாட்டேன். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது ஃபெயில்னு எழுதற கையை எல்லாரும் பாப்பாங்க. ப்ரொடக்ஷன் மேனேஜர் வந்து நிப்பார், இன்னொரு ஜோடி போட்டு பாருங்கம்மான்னு சொல்வார். மறுபடி டெஸ்ட் போடறது தப்பில்ல, பாஸ் ஆகுற வரைக்கும் போட்டுட்டே இருக்கிறதுதான் தப்பு. அந்த எடத்துல நிக்க தைரியம் வேணும், உங்களுக்கு பின்னாடி நிக்கிற க்வாலிட்டி ஹெட் வேணும். அது இல்லாத கம்பெனின்னு தெரிஞ்சா எவ்வளவு சம்பளம் சொன்னாலும் லேப் வேலைக்கு போகாதீங்க.

இப்ப சாம்பிள் ரூம். ப்ராடக்ட் டெவலப்மென்ட்னு போர்டு மாட்டியிருந்தாலும் உள்ள ரெண்டு விதமான ஆள் இருப்பாங்க. ஒருத்தர் பயர்கிட்ட (ஷூ ஆர்டர் கொடுத்து வாங்குறவர்) மெயில் போட்டு, மெட்டீரியல் வரவழைச்சு, காஸ்டிங் போட்டு, தேதியை துரத்துற டெவலப்மென்ட் மெர்ச்சன்டைசர். இன்னொருத்தர் பேட்டர்ன் மாஸ்டர். முதல் வேலைக்கு ஆள் நிறைய கிடைப்பாங்க. ரெண்டாவதுக்கு கிடைக்க மாட்டாங்க, அதனாலதான் நான் யாரை பாத்தாலும் பேட்டர்ன் கத்துக்கோன்னு சொல்றேன்.

பேட்டர்ன் மாஸ்டர் லாஸ்ட், அதாவது கால் வடிவ அச்சு மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சில்ல டிசைன் கோடு போட்டு, கத்தியில கீறி அந்த டேப்பை உரிச்சு அட்டையில படுக்க வைப்பார். வளைஞ்ச உருவம் தட்டையா படுக்காது, எங்கயாவது சுருங்கும், எங்கயாவது விரியும். அந்த சுருக்கத்தை எங்க விடணும், எங்க இழுக்கணும்னு முடிவு பண்றதுதான் கலை. இப்ப கம்ப்யூட்டர்ல வரையற கேட் (CAD) சாஃப்ட்வேர் எல்லாம் வந்துடுச்சு, ஆனாலும் டேப்பை கையால உரிச்சு பழகினவங்க ஸ்க்ரீன்ல போடற கோடு வேற மாதிரி இருக்கும். பின்பக்கம் ரெண்டு மில்லி உயரமா போனா கணுக்கால் எலும்புல இடிக்கும், ரெண்டு மில்லி கம்மியா போனா நடக்கும்போது குதிகால் கழண்டு வரும். அப்புறம் கிரேடிங், அதாவது ஒரு சைஸ் பேட்டர்னை மத்த சைஸுக்கு மாத்தறது. யூரோப் சைஸ்ல ஒரு பாயின்ட் 6.67 மில்லி, இங்கிலீஷ் சைஸ்ல ஒரு சைஸுக்கு 8.46 மில்லி, பயர் எந்த ஊர்னு பாத்து போடணும். 42-ல அழகா இருந்த டோ கேப் 46-ல எடுப்பா தெரியாம போயிடும், அதையும் முன்னாடியே யோசிக்கணும்.

டெவலப்மென்ட்ல சந்தோஷம் அதிகம், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. பேப்பர்ல இருந்த ஒண்ணை யாரோ கால்ல போட்டு நடக்கறத பாக்கறது லேப்ல கிடைக்காது. ஆனா நேரம் உங்க கையில இருக்காது. பயர் வர்ற வாரம் ராத்திரி பத்து மணி வரைக்கும் சாம்பிள் ரூம்ல லைட் எரியும், அவங்க பாத்துட்டு பாதி ஸ்டைலை ஓரமா தள்ளிட்டு போயிடுவாங்க. சம்பளம்னு பாத்தா ஆரம்பத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பின்னாடி வித்தியாசம் வரும்: நல்ல பேட்டர்ன் டெக்னீஷியனை பக்கத்து கம்பெனிக்காரன் தேடி வந்து கூப்பிடுவான், லேப்ல மேல போறவங்க பெரும்பாலும் க்வாலிட்டி, கம்ப்ளையன்ஸ்னு ஆபீஸ் பக்கம் போவாங்க.

லேப் முதல்லன்னு நான் சொல்றதுக்கு இன்னொரு உதாரணம் குரோமியம். குரோம் டேனிங்ல (குரோமியம் உப்பால தோலை பதப்படுத்தறது) போடறது குரோமியம் 3. தோல்ல சேக்கிற ஃபேட் லிக்கர் எண்ணெய் சரியில்லன்னா, சூடும் வெயிலும் வறண்ட காத்தும் பட்டு அதுல கொஞ்சம் குரோமியம் 6 ஆ மாறிடும், அது தோல் அலர்ஜி கொண்டு வர்ற சமாச்சாரம். ஐரோப்பாவுல 2015 மே மாசத்துல இருந்து தோல்ல கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் லிமிட். டேனரியில இருந்து வரும்போது பாஸ் ஆன தோல் கன்டெய்னர்ல கடல் தாண்டி போய் ஃபெயில் ஆகலாம். அதனாலதான் தோலை 80 டிகிரியில ஒரு நாள் வெச்சு பழசாக்கி டெஸ்ட் போடறாங்க. லேப்ல இருந்து வந்த டெவலப்பர் லைனிங் தோல் எடுக்கும்போதே டேனரிகிட்ட கேப்பார்: என்ன எண்ணெய், ரீடேனிங்ல (ரெண்டாவது தடவை பதப்படுத்தறது) வெஜிடபிள் டேனின் போட்டீங்களா, ஏஜிங் பண்ணி எடுத்த ரிப்போர்ட் இருக்கான்னு. லேப் பாக்காதவர் கலரும் விலையும் மட்டும் கேப்பார். பியு (பாலியூரிதேன்) சோலும் அப்படித்தான், டிசைன் பாக்கும்போது லேசா மெத்துனு சூப்பரா இருக்கும், நம்ம ஈரக் காத்துல வருஷக்கணக்கா குடோன்ல கிடந்தா ஹைட்ராலிசிஸ் ஆகி, அதாவது ஈரத்தால சிதைஞ்சு, பொலபொலன்னு உதிரும். அதை ஒரு தடவை கையில உதிர்த்து பாத்தவங்க எந்த பாலியால்ல செஞ்சது, பாலியெஸ்டரா பாலிஈதரான்னு கேக்காம சோல் எடுக்க மாட்டாங்க.

செய்யாறு சிப்காட்ல நைக்கிக்கு செய்யற தைவான் கம்பெனி, பெரம்பலூர்ல க்ராக்ஸ் செய்யற யூனிட், இந்த மாதிரி நான்-லெதர் ஃபேக்டரி பத்தியும் கேக்குறாங்க. அங்க லேப் நல்லா இருக்கும், முறையா கத்துக்கலாம், ஆளும் நிறைய எடுப்பாங்க. ஆனா டிசைன் முடிவெல்லாம் பிராண்டோட ஊர்ல நடக்கும், நைக்கின்னா அமெரிக்காவுல ஓரிகன்ல. இங்க டெவலப்மென்ட்னு சொல்றது பெரும்பாலும் அங்க முடிவான ஷூவை லைன்ல ஓட வைக்கிற வேலை. அது குறைவான வேலை இல்ல, ஆனா லாஸ்ட்ல கோடு போடணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஆம்பூர், ராணிப்பேட்டை லெதர் ஷூ கம்பெனிதான் சரி. அங்க சின்ன டீம், ஒரே ஆள் நாலு வேலை பாக்கணும், அதுலயே கை பழகும்.

படிப்பு பத்தி சுருக்கமா. கெமிஸ்ட்ரி பிடிக்கும்னா அண்ணா யுனிவர்சிட்டியோட அழகப்பா காலேஜ் ஆஃப் டெக்னாலஜி, அதாவது ஏசி டெக்ல லெதர் டெக்னாலஜி, பக்கத்துலயே சிஎல்ஆர்ஐ இருக்கறது பெரிய பலம். கை வேலை பிடிக்கும்னா கிண்டி சிஎஃப்டிஐ டிப்ளமா, அங்க மெஷின்ல உக்கார வெச்சு சொல்லித் தருவாங்க. டிசைன் பக்கம்னா எஃப்டிடிஐ (காலணி டிசைன் சொல்லித் தர்ற மத்திய அரசு நிறுவனம்). 2024-ல காலணிக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) தரக் கட்டுப்பாட்டு ஆணை அமலானதுல இருந்து உள்ளூர் மார்க்கெட்டுக்கு செய்யறவங்களும் லேப் ஆளை தேடறாங்க, அதனால லேப்ல ஆரம்பிக்க இது நல்ல நேரம்.

இன்டர்வியூ போனா மூணு விஷயம் நீங்க கேளுங்க. லேப் ரிப்போர்ட் யார்கிட்ட போகுது, ப்ரொடக்ஷன் ஹெட்கிட்டயா க்வாலிட்டி ஹெட்கிட்டயா? ஃபெயில் ஆன சாம்பிளை லைனுக்கு எடுத்துட்டு போய் பேச விடுவாங்களா? ரெண்டு வருஷம் கழிச்சு சாம்பிள் ரூமுக்கு மாத்தின ஆள் யாராவது அங்க இருக்காங்களா? அப்படி ஒருத்தர் இருந்தா, முடிஞ்சா அன்னிக்கே அவரை பாத்து பேசிட்டு வாங்க.