கூரியரில் போகும் எண்ணெய் பாட்டிலுக்கு எந்த மூடி: ஓர் ஒப்பீட்டு அலசல்

மரச்செக்கு எண்ணெயைப் பாட்டிலில் அடைத்துக் கூரியர் வழியாக வெளியூர்களுக்கு அனுப்பும் சிறு உற்பத்தியாளர்கள் தமிழ்நாட்டில் பெருகியிருக்கிறார்கள். எண்ணெயின் தரத்துக்கும் லேபிளின் அழகுக்கும் கொடுக்கும் கவனத்தை அவர்களில் பலர் மூடிக்குக் கொடுப்பதில்லை. பாட்டில் வியாபாரி எந்த மூடியைச் சேர்த்துக் கொடுக்கிறாரோ அதையே முடிந்த மட்டும் இறுக்கி, மேலே டேப் சுற்றி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு லிட்டர் பாட்டிலிலிருந்து 10 மில்லி ஒழுகினால் எண்ணெய் நட்டம் அற்பம்தான். ஆனால் அந்த 10 மில்லி அட்டைப்பெட்டியை ஊறவைத்து, பக்கத்தில் இருந்த அடுத்தவர் பார்சலையும் கெடுத்து, வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் கொண்டுபோய்விடும். சந்தையில் கிடைக்கும் மாற்றுகளை எண்ணெய் என்ற ஒரே சரக்கை முன்வைத்து இங்கே எடைபோடுவோம். மிகப் பரவலாகக் கையாளப்படும் வழியான இறுக்கமும் டேப்பும்தான் இவற்றுள் மிகப் பலவீனமானது என்பது என் முடிவு.

திருகு மூடியில் மரைதான் கசிவைத் தடுக்கிறது என்று நினைப்பது தவறு. மரைகளுக்கு நடுவே எப்போதும் இடைவெளி உண்டு. மூடியின் உள்தளத்தையோ அதில் உள்ள லைனரையோ (மூடிக்குள் ஒட்டிய மெல்லிய வட்ட அடைப்புத் தகட்டையோ) பாட்டில் வாயின் விளிம்பின் மீது அழுத்தி வைப்பது மட்டுமே மரையின் வேலை. அடைப்பது அந்த அழுத்தம். ஆகவே, மூடி கழன்று விழாமலேயே பாட்டில் ஒழுக முடியும். அழுத்தம் குறைந்தால் போதும். மூடி பார்வைக்கு இறுகியே இருக்கும்.

அந்த அழுத்தம் ஏன் குறைகிறது என்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, பிளாஸ்டிக்கின் இயல்பு: தொடர்ந்து இழுவிசையில் இருக்கும் பாலிபுரொப்பிலீன் மூடி மெல்லத் தளர்ந்து கொடுக்கும், இந்தத் தளர்ச்சியின் பெரும்பகுதி மூடிய முதல் நாளிலேயே நடந்து முடிந்துவிடும். இரண்டாவது, அதிர்வு. 28-400 என்ற, 28 மி.மீ. மூடிக்கான பொதுவான தர அளவுக் கழுத்தில் அங்குலத்துக்கு 6 மரைகள், அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4.2 மி.மீ. ஏற்றம், மரையின் சரிவு 3 பாகைக்கும் குறைவு. உலர்ந்த பிளாஸ்டிக்கின் உராய்வு இதைப் போல் பல மடங்கு சரிவைத் தாங்கும் என்பதால், அசையாமல் நிற்கும் பாட்டிலின் மூடி தானாகக் கழல வழியில்லை. ஆனால் பக்கவாட்டு அதிர்வு மரைப்பரப்புகளைக் கணநேரம் வழுக்கவிட்டால், அந்த நேரத்தில் உராய்வு துணைக்கு வராது; போல்ட்டுகளில் இதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதனை மூலம் காட்டினார், பிளாஸ்டிக் மூடிக்கும் அதே இயற்பியல்தான். மூன்றாவது, எண்ணெய். நீரின் பரப்பு இழுவிசையில் பாதிக்கும் குறைவாகவே எண்ணெய்க்கு உள்ளது. நீர் துளியாக நின்றுவிடும் நுண்ணிய பிளவில் எண்ணெய் படர்ந்து ஏறிவிடும். அப்படி ஏறியது மரைக்கு மசகாகவும் மாறி, மிச்சமிருந்த உராய்வையும் குறைக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்துத் தேறிய மூடி எண்ணெயில் தோற்பதற்கு இதுவே காரணம்.

வெப்பமும் உயரமும் இதன் மேல் வந்து சேர்கின்றன. சமையல் எண்ணெய் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.07 விழுக்காடு விரிவடையும். 25 பாகையில் நிரப்பிய ஒரு லிட்டர், மே மாத மதியத்தில் மூடிய வண்டிக்குள் 45 பாகையை எட்டினால் 14 மில்லி கூடிவிடும். பாட்டிலின் தலைப்பகுதியில் 30 மில்லி காற்றிடம் விட்டிருந்தால் அதில் பாதி போய்விட்டது என்று பொருள். பாட்டில் சற்றே உப்பிக் கொடுப்பதால் அழுத்தம் இரட்டிப்பாவதில்லை என்றாலும், உள்ளிருந்து ஒரு தள்ளுதல் நிச்சயம் ஏற்படும். இதனோடு ஒப்பிட்டால் உயரத்தின் பங்கு சிறியது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 24 கிலோபாஸ்கல் அளவுக்குக் குறைவு. விமானத்தின் சரக்கறையிலும் ஏறத்தாழ அதே நிலைதான். 24 மி.மீ. வாய் உள்ள பாட்டிலின் மூடி மீது இது ஒரு கிலோ எடையைச் சற்று மிஞ்சிய விசையை மட்டுமே செலுத்தும். மூடியைப் பிடுங்க அது போதாது. ஏற்கெனவே உள்ள இடுக்கின் வழியே எண்ணெயை வெளியே தள்ளப் போதும்.

இந்தப் பின்னணியில் முதல் போட்டி, லைனர் உள்ள மூடிக்கும் லைனர் இல்லாத மூடிக்கும் இடையிலானது. வியாபாரிகள் ஈ.பி.ஈ. வேட் என்று விற்கும் பாலிஎத்திலீன் நுரை லைனர் மலிவானது, விளிம்பில் உள்ள சிறு மேடுபள்ளங்களைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் நுரையும் நாளாக ஆக அமுங்கித் தன் மீள்திறனை இழக்கிறது; நுரையைச் சுற்றி இருபுறமும் கெட்டியான பாலிஎத்திலீன் படலம் உள்ள மூவடுக்கு லைனர் இந்த வகையில் மேலானது. லைனர் இல்லாத மூடியில், மூடியின் உட்பக்கத்திலிருந்து இறங்கும் வளையம் பாட்டில் வாய்க்குள் நுழைந்து உட்சுவரைப் பிடித்துக்கொள்கிறது. இந்த அடைப்பு மேலிருந்து வரும் அழுத்தத்தை நம்பி இருப்பதில்லை என்பதால், மூடி சில பாகை பின்னோக்கிச் சுழன்றாலும் அடைப்பு நீடிக்கும். பல வளிமண்டல அழுத்தத்தைச் சுமக்கும் சோடா பாட்டில்களே இதற்குச் சான்று. ஆனால் இந்த மூடி கழுத்தின் உள்விட்டம் துல்லியமாக இருந்தால் மட்டுமே வேலை செய்யும். பெட் பாட்டிலின் கழுத்து, ஊதுவதற்கு முன்பே அச்சில் வார்க்கப்பட்டு வருவதால் அந்தத் துல்லியம் அதற்கு உண்டு. உருக்கிய குழாயை அச்சுக்குள் ஊதிச் செய்யும் எச்.டி.பி.இ. (கெட்டியான பாலிஎத்திலீன்) கேன்களில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. அங்கே லைனரே பாதுகாப்பு. பெட் பாட்டிலுக்கு நுரை லைனரும், கேனுக்கு லைனர் இல்லாத மூடியும் மாறிப் போட்டு விற்கப்படுவதைக் கடைவீதியில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

மரையின் வடிவத்தைப் பற்றி வாங்குபவர் கேட்பதே இல்லை, கேட்க வேண்டும். இருபுறமும் ஒரே சாய்வுள்ள மரை, இறுக்கும்போது மூடியின் சுவரை வெளிப்பக்கமாகவும் தள்ளுகிறது. மிகையாக இறுக்கினால் சுவர் விரிந்து, மரை ஒரு படி தாவி, இறுக்கம் முழுவதும் போய்விடும். சுமை தாங்கும் பக்கம் ஏறத்தாழக் கிடைமட்டமாகவும் மறுபக்கம் சாய்வாகவும் உள்ள மரை, விசையைக் கீழ்நோக்கியே செலுத்துவதால் பிளாஸ்டிக் கழுத்துக்கு அதுவே பொருத்தமானது. மரையின் ஏற்றமும் முக்கியம். இன்று குளிர்பானங்களில் பரவலாக உள்ள பி.சி.ஓ. 1881 என்ற தர அளவுக் கழுத்தில் ஒரு சுற்றுக்கு 2.7 மி.மீ. மட்டுமே ஏற்றம், இதற்கு முன் இருந்த 1810 கழுத்தில் இது 3.18 மி.மீ. கழுத்தின் உயரத்தை 21 மி.மீட்டரிலிருந்து 17 மி.மீட்டராகக் குறைத்துப் பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்தவே அந்த மாற்றம் வந்தது, ஆனால் சரிவு குறைந்த மரை பின்னோக்கிச் சுழல்வதற்கும் தயங்கும் என்பது கூடுதல் ஆதாயம். இதற்கு நேர்மாறாக, ஒரே கழுத்தில் பல மரைகள் இணையாகத் தொடங்குவதால் கால் சுற்றில் திறக்கும் பல தொடக்க மரைகள் சமையலறையில் வசதியானவை, பார்சலில் ஆபத்தானவை.

அடுத்து, சுழற்சியைத் தடுக்கும் ஏற்பாடுகள். மூடியின் அடியில் உடையும் வளையம் உள்ள வகை, யாரும் திறக்கவில்லை என்பதற்குச் சான்றாகவே உருவானது, தளர்ச்சியைத் தடுப்பதற்காக அன்று. வளையத்தின் இணைப்புகள் உடைவதற்கு முன் மூடி சிறிது சுழல இடம் உண்டு. நல்ல வடிவமைப்பில் அந்தச் சுழற்சி முடியும்வரை அடைப்பு விடாது, மலிவான மூடியில் வளையம் முழுசாக இருக்கும்போதே எண்ணெய் கசியும். வளையத்துக்குள்ளும் கழுத்திலும் ஒருவழிப் பற்கள் உள்ள ராட்செட் வகை இதைவிட உறுதியானது. கேன்களுக்கு, குறிப்பாக 5 லிட்டருக்கு மேற்பட்டவற்றுக்கு, நான் பரிந்துரைப்பது இதைத்தான். குழந்தைகள் திறக்க முடியாதபடி அமுக்கித் திருக வேண்டிய இரட்டைச் சுவர் மூடியில், வெளிச்சுவர் மட்டும் சும்மா சுழலும், உள்மூடி அசையாது. எனவே பிற பொருள்கள் உரசுவதால் அது கழலாது. பூச்சிக்கொல்லிக்கும் கழிவறை அமிலத்துக்கும் இது தேவை. முதியவர்கள் தினமும் திறக்க வேண்டிய நல்லெண்ணெய் பாட்டிலுக்கு இதைப் போடுவது வாங்குபவரைத் தண்டிப்பதாகும்.

இனி இண்டக்ஷன் சீல். இதுவரை சொன்ன எல்லாவற்றிலிருந்தும் இது அடிப்படையிலேயே வேறுபடுகிறது, ஏனெனில் இது அழுத்தத்தை நம்பவில்லை, ஒட்டுகிறது. மூடிக்குள் உள்ள தகட்டில் அட்டை, மெழுகு, அலுமினியம், ஒட்டும் படலம் ஆகியவை மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும். மூடிய பாட்டிலின் மேல் மின்காந்தச் சுருளைக் காட்டினால் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அது சூடாகிறது. கீழ்ப் படலம் உருகிப் பாட்டில் விளிம்போடு ஒட்டிக்கொள்ள, மேலே மெழுகு உருகி அட்டையில் ஊறி, அலுமினியம் அட்டையிலிருந்து பிரிகிறது. அதன் பிறகு மூடி முழுதாகத் தளர்ந்தாலும் எண்ணெய் வெளியே வராது. மூடியில் தங்கிவிட்ட அட்டை, வீட்டில் மீண்டும் மூடிவைக்க லைனராகப் பயன்படும். அமெரிக்கக் கூட்டாட்சி விதித் தொகுப்பின் 49ஆம் தலைப்பில் 173.27ஆம் பிரிவு, விமானத்தில் போகும் அபாயகரமான திரவங்களின் மூடிகளை இரண்டாவது ஓர் ஏற்பாட்டால் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. அதற்கான உதாரணங்களில் ஒட்டும் டேப், உராய்வு உறை, பூட்டு வளையம், குழந்தைப் பாதுகாப்பு மூடி ஆகியவற்றோடு இண்டக்ஷன் சீலும் இடம்பெறுகிறது. சமையல் எண்ணெய்க்கு அந்த விதி பொருந்தாது என்றாலும், ஒற்றை மூடியை அது நம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதில் தோல்விகள் நிகழும் இடங்கள் தெளிவானவை. முதலாவது, படலம் பாட்டிலின் பிளாஸ்டிக்கோடு பொருந்த வேண்டும். பாலிஎத்திலீனுக்கு என்று செய்த படலம் பெட் பாட்டிலில் ஒட்டியது போல் தோன்றி, நகத்தால் தொட்டதும் உரிந்து வரும். இரண்டாவது, எண்ணெய் வியாபாரிக்கே உரியது: நிரப்பும்போது விளிம்பில் ஒரு துளி எண்ணெய் பட்டிருந்தால் அந்த இடத்தில் ஒட்டாது. சொட்டு விழாத நிரப்பு முனையும், விளிம்பைத் துடைக்க உலர்ந்த துணியும் இல்லாத இடத்தில் இயந்திரம் வாங்குவது வீண் செலவு. மூன்றாவது, இறுக்காத மூடியின் மேல் சீல் வைப்பது. ஒட்டும் கணத்தில் தகடு விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தால்தான் சீரான ஒட்டு கிடைக்கும். சூடு மிகையானால் அட்டை பழுப்பேறிக் கருகல் வாடை எண்ணெயில் இறங்கும், குறைவானால் ஓரங்கள் விட்டுப்போகும். மெழுகு அட்டையில் ஊறியதும் தகட்டின் தடிமன் குறைவதால் மூடி சற்று லூசாகிவிடுகிறது. சீல் ஆறிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை, பிறகு மூடி ஆடுகிறது என்று மூடிக்காரரைக் குறை சொல்கிறார்கள்.

மருந்துச் சிரப்புகளிலும் மதுபானங்களிலும் காணப்படும் அலுமினிய மூடியில், வெறும் தகட்டைக் கழுத்தின் மேல் கவிழ்த்து, மரையை அங்கேயே உருட்டி உருவாக்குகிறார்கள். மரை அந்தந்தப் பாட்டிலுக்கே அளவெடுத்தது போல் அமைவதாலும் உலோகம் பிளாஸ்டிக்கைப் போல் தளராததாலும் அடைப்பின் தரத்தில் இதற்கு நிகர் குறைவு. கண்ணாடி பாட்டில் கூரியரில் உடையும் என்பதுதான் தடை.

டேப்பையும் சுருங்கும் உறையையும் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டும் மூடி சுழல்வதைத் தடுக்குமே தவிர, லைனரின் அழுத்தம் குறைவதைத் தடுக்காது. டேப்பை மூடி இறுகும் திசையில் இழுத்துச் சுற்றினால் சிறிது பயன் உண்டு. எதிர்த்திசையில் சுற்றினால் இழுவிசையே மூடியைத் தளர்த்தும். ஒரு சொட்டு கசிந்தாலும் டேப்பின் பசை கரைந்துவிடும் என்பதால், எண்ணெயில் அது தேவைப்படும் நேரத்தில்தான் கைவிடுகிறது. சுருங்கும் உறை பார்வைக்கு நன்றாக இருக்கும், யாரும் திறக்கவில்லை என்று காட்டும், அவ்வளவே.

எந்த வகையானாலும் இறுக்கத்துக்கு ஓர் அளவு வேண்டும். மூடியின் விட்டம் மில்லிமீட்டரில் எவ்வளவோ அதில் பாதியை அங்குல-பவுண்டு அலகில் முறுக்குவிசையாகக் கொள்வது தொழிலில் உள்ள தோராய விதி, 28 மி.மீ. மூடிக்கு 14, அதாவது ஏறத்தாழ 1.6 நியூட்டன் மீட்டர். காலையில் இறுக்கும் கையும் மாலையில் களைத்த கையும் ஒரே அளவில் இறுக்குவதில்லை என்பதால், முறுக்குவிசை அளவியோ விசை மிகுந்தால் நழுவும் கைக்கருவியோ வாங்குவது, மூடியை மாற்றுவதைவிடச் சில நேரங்களில் மிகுந்த பலன் தரும்.

ஆக, ஒரு லிட்டர் வரையிலான எண்ணெய்க்கு, பெட் பாட்டில், ஒரு சுற்றுக்கு ஏற்றம் குறைந்த மரை, பெட்டுக்குரிய படலம் கொண்ட இண்டக்ஷன் சீல் ஆகியவற்றின் சேர்க்கையையே தேர்வேன். இயந்திரம் வாங்க இயலாதவர்கள் உட்செருகும் வளையம் உள்ள மூடியைத் தேர்ந்து, பாட்டிலைத் தடித்த பிளாஸ்டிக் பையில் தனியே கட்டி அனுப்பலாம். கேனுக்கு மூவடுக்கு லைனரும் ராட்செட் வளையமும். புதிதாக வந்த ஒவ்வொரு மூடிக் கட்டிலிருந்தும் சிலவற்றை எடுத்து, எண்ணெய் நிரப்பிய பாட்டிலில் போட்டு, ஒரு நாள் கழித்து 45 பாகைச் சூட்டில் செய்தித்தாளின் மேல் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும். மறுநாள் காலையில் தாளில் ஒளி ஊடுருவும் கறை தெரிந்தால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம்.