தோல் பஞ்ச் பால்சாவுக்கு ஆகுமா? வேலூர்ப் பக்கத்து மாடல் விமானப் பிரியர்களுக்கு ஒரு மதிப்பீடு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று வேலூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் தோல் வேலைதான். செருப்பும் பெல்ட்டும் தைக்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் வட்டப் பஞ்ச் பல அளவுகளில் ஒற்றை ஒற்றையாகவும் வாங்கலாம், செட்டாகவும் வாங்கலாம். நுனியில் குழாய் வாய், மேலே சுத்தியால் தட்டத் தலை. பால்சா என்னும் லேசான மரத்தில் மாடல் விமானம் கட்டும்போது, சர்வோ (இறக்கை மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்) வயருக்காக ரிப்பில் (இறக்கைக்கு வடிவம் தரும் விலாப் பலகையில்) ஓட்டை போட இதைவிட வசதியான கருவி வேறென்ன என்று பார்த்ததுமே தோன்றும்.

1.5 மி.மீ. பால்சா ஷீட்டுக்கு ஆகும், கொஞ்சம் பக்குவமாகக் கையாண்டால். 2 மி.மீ.யில் மரத்தைப் பொறுத்தது. 3 மி.மீ. ரிப்புக்கும் ஃபார்மருக்கும் (விமான உடலின் குறுக்குப் பலகைக்கும்) ஆகவே ஆகாது. ஆனாலும் இரண்டு அளவு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டை போட அல்ல, வேறொரு வேலைக்கு.

பஞ்சின் வாயைத் திருப்பிப் பாருங்கள். உள்சுவர் நேராக இறங்கும். சரிவு முழுக்க வெளிப்பக்கம். மரத்துக்குள் இறங்க இறங்க அந்தச் சரிவு ஆப்பு மாதிரி ஓட்டையின் விளிம்பை வெளியே நெட்டித் தள்ளும். தோல் இதைத் தாங்கும். நெளிந்து கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பால்சா திரும்பாது. நாருக்குக் குறுக்கே இழுத்தால் அதற்கு வலு மிகக் குறைவு, அதனால் ஓட்டையின் இரு ஓரங்களிலிருந்தும் நார் போகும் திசையிலேயே மயிரிழை விரிசல் ஓடும். வெட்டும்போது அது கண்ணில் படாது. இறக்கையைப் போர்த்தும் கவரிங் ஃபிலிமைச் சூடாக்கி இழுக்கும்போது ரிப் 'டக்' என்று விட்டுவிடும். உள்ளே வெட்டுப்பட்டு விழுகிற வட்டத் துண்டைப் பாருங்கள், காசு மாதிரி சுத்தமாக இருக்கும். வெளிச்சரிவுள்ள கருவி உள்ளே விழுவதைக் காப்பாற்றும், வெளியே நிற்பதைக் கெடுக்கும். நமக்கு வேண்டியது வெளியே நிற்பது.

மெல்லிய ஷீட்டில் பஞ்சைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் சுத்தியைத் தொடாதீர்கள். அடியில் கழிவு பால்சா 6 மி.மீ. துண்டு ஒன்றை வைத்து, பஞ்சை உள்ளங்கையால் லேசாக அழுத்தி, அரைச்சுற்று வலம், அரைச்சுற்று இடம் என்று திருகி இறக்குங்கள். கடையில் வாங்கிய புதுப் பஞ்சின் வாயில் பெரும்பாலும் பிசிறு இருக்கும்; 600 நம்பர் தண்ணீர் உப்புத்தாளில் சரிவைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மரத்தில் வைக்க வேண்டும். பெல்ட்டுக்கு ஓட்டை போடும் சுழல் தலை இடுக்கியை வாங்கவே வேண்டாம். பெரிய வாயே 4.5 அல்லது 5 மி.மீ.தான், தாடை ரிப்பின் நடுவுக்கு எட்டாது, கீழ்த்தாடை பால்சாவில் குழி விழ அழுத்திவிடும்.

சரியான கருவி பித்தளை டியூப். மாடல் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டியூபின் சுவர் 0.36 மி.மீ. அளவுதான். அது கிடைக்காவிட்டால் பழைய ரேடியோ ஏரியலின் மடக்குக் குழாயைக் கழற்றி எடுங்கள். மேல்பூச்சைக் கத்தியால் சுரண்டினால் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். 60 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, நுனியைத் தட்டையான அரத்தில் சதுரமாக்குங்கள். பிறகு சரிவை உள்பக்கம் கொடுக்க வேண்டும். முக்கோண நுனியுள்ள 11-ஆம் நம்பர் பிளேடை டியூபின் வாய்க்குள் விட்டுச் சுழற்றினாலே பித்தளை சீவிக்கொண்டு வரும். திருகுத் தலைக்குக் குழி எடுக்கும் கவுன்டர்சிங்க் பிட் இருந்தால் கையாலேயே நாலு சுற்று போதும். வெளிச்சுவர் நேராக இருப்பதால் ஓட்டையின் விளிம்பை எதுவும் தள்ளாது. நசுங்குவது தூக்கிப்போடப்போகும் துண்டுதான். டியூபின் வெளி விட்டம் எவ்வளவோ, ஓட்டையும் அவ்வளவே வரும். பலர் பென்சில் சீவுவது போல வெளியே சீவிவிட்டு, 'டியூபும் கிழிக்கிறது' என்கிறார்கள். தவறு டியூபில் இல்லை. பித்தளை சீக்கிரம் மழுங்கும் என்பது உண்மையான குறைதான். பத்துப் பதினைந்து ஓட்டைக்கு ஒருமுறை பிளேடை விட்டுத் திருப்புங்கள், அரை நிமிட வேலை.

வெட்டும் முறை: மையத்தில் குண்டூசியால் மறுபக்கம் வரை குத்துங்கள். அதை மையமாக வைத்து டியூபைத் திருகி, பாதி ஆழம் போனதும் பலகையைத் திருப்பி அடுத்த பக்கத்திலிருந்து அதே ஊசிக் குறியில் முடியுங்கள். ஒரே பக்கமாக இறக்கினால் கடைசி அரை மில்லிமீட்டர் வெட்டுப்படாமல் பிய்ந்துகொண்டு போகும். ஒவ்வொரு ஓட்டைக்குப் பிறகும் உள்ளே தங்கிய துண்டைக் குச்சியால் தள்ளிவிடுங்கள்; மூன்று துண்டு சேர்ந்து இறுகினால் எளிதில் வெளியே வராது.

கடினமான பால்சா சுத்தமாக வெட்டுப்படும். கையில் பஞ்சு போல இருக்கும் லேசான ரகம்தான் நசுங்கும். கனமீட்டருக்கு 100 கிலோவுக்குக் கீழே உள்ள மரத்தில் புதுக் கூர் இல்லாமல் கை வைக்காதீர்கள். மாஸ்கிங் டேப் இரு பக்கமும் ஒட்டினால் உதவும், ஆனால் நம் ஊர் மே மாதச் சூட்டில் மணிக்கணக்கில் விட்டால் பசை மரத்தில் தங்கிவிடும். வெட்டியதும் நார் போகும் திசையிலேயே, குறுக்கே அல்லாமல், உரித்துவிடுங்கள்.

டிரில் பிட் பற்றி நாலு வரி. சாதாரணப் பிட் 10 மி.மீ. அளவில் மெல்லிய பலகையைப் பிடித்து மேலே இழுக்கும்; ஓட்டை வட்டமாக வராமல் முக்கோணச் சாயலில் வரும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் முதலில் குறியைச் சுற்றித் தின் சயனோ (தண்ணீர் போல ஓடும் சூப்பர் குளூ) ஒரு சொட்டு ஊறவிட்டு, காய்ந்தபின், இரு பக்கமும் கழிவுப் பலகை வைத்து இறுக்கித் துளையுங்கள். நடுமுள்ளும் ஓரக்கூரும் உள்ள மரவேலைப் பிட் இதைவிட எவ்வளவோ மேல், ஓரக்கூர் முதலில் நாரை அறுத்துவிடும்.

அளவு விஷயத்தில்தான் அதிகம் வீணாகிறது. மூன்று பின் சர்வோ பிளக் ஏறக்குறைய 8 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. கனம், மூலைக்கு மூலை எட்டரையை ஒட்டி வரும். 9.5 அல்லது 10 மி.மீ. ஓட்டை இருந்தால் இடிக்காமல் நுழையும். பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் தூக்கி மூன்று பின்னையும் உருவிவிட்டால் 5 மி.மீ. போதும், நிறங்களின் வரிசையை எழுதி வைத்துக்கொண்டு உருவுங்கள். உயரம் குறைந்த ரிப்பில் வட்டத்தை விட நீள ஓட்டை நல்லது: மையங்களுக்கிடையே 5 மி.மீ. விட்டு 4 மி.மீ. ஓட்டை இரண்டு போட்டு, நடுவைப் பிளேடால் நேராக இணைத்தால் 9-க்கு 4 கிடைக்கும். சதுர மூலை மட்டும் கூடாது, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பேட்டரி கனெக்டருக்காக ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள். வயரை நுழைத்தபின் கனெக்டரைச் சால்டர் வைக்கலாம்.

இடம் பார்ப்பது அளவை விட முக்கியம். ரிப்பின் நடு உயரத்தில், அந்த இடத்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல். ஸ்பார் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்புக் குச்சி) உட்காரும் பள்ளத்தின் மூலையும் ஓட்டையும் ஒரே நார்க்கோட்டில் வராமல் பாருங்கள். வந்தால் இரண்டுக்கும் நடுவே பிளப்பு ஓடிவிடும். ஒரே அளவு ரிப்புகளை ஒட்டுவதற்கு முன் அடுக்கி, குண்டூசியால் கோத்து, மையத்தை ஒரே குத்தில் குறித்துக்கொண்டால் ஓட்டைகள் வரிசை தப்பாது.

இனி அந்தத் தோல் பஞ்ச். 16 மி.மீ.யும் 10 மி.மீ.யும் வாங்குங்கள். 0.4 மி.மீ. பிளைவுட்டிலோ நல்ல தடித்த அட்டையிலோ முதலில் 10, பிறகு அதைச் சுற்றி மையம் பார்த்து 16 என்று அடித்தால் வாஷர் வளையம் மாதிரி விழும். இங்கே சுத்தி தாராளமாக ஆகும், அடியில் மரக்கட்டையின் வெட்டுமுகத்தை வையுங்கள். மோட்டார் அதிர்வு வரும் ஃபார்மரிலும் இறக்கை உடலோடு சேரும் வேரருகே உள்ள முதல் இரண்டு ரிப்பிலும் இந்த வளையத்தை ஓட்டையின் ஒரு பக்கம் ஒட்டினால் விளிம்பு உடையாது. விழுகிற வெளிவட்டம் சுத்தமாக இருப்பது இந்த வேலைக்குத்தான் பயன்படுகிறது. இதை வேறு எந்தக் கருவியும் இவ்வளவு வேகமாகச் செய்யாது.

இறக்கையைக் கட்டி முடித்தபின் ஓட்டை நினைவுக்கு வந்தால் 10 மி.மீ. பித்தளை டியூபையே முழு நீளத்தில் எடுத்து, நுனியில் முக்கோண அரத்தால் ஆறு பல் வெட்டி, வேர் ரிப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ரிப்பாகக் கையாலேயே திருகிப் போங்கள். அடுத்த ரிப்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் மறுபுறம் விரலை வைத்துத் தாங்குங்கள். முடிந்ததும் பிரின்டர் தாளை 9 மி.மீ. குச்சியில் இரண்டு சுற்று சுற்றி, பசை தடவிக் குழாயாக்கி ஓட்டைகள் வழியே செருகி, ஃபிலிம் ஒட்டுவதற்கு முன்பே பிறகு வயரை இழுக்க ஒரு தையல் நூலை உள்ளே விட்டு இரு முனையையும் டேப்பால் ஒட்டி வையுங்கள்.